பாரதியைக் கட்டங்களுக்குள் வரைவது

முண்டாசையும் முறுக்கு மீசையையும் வரைந்தால் போதும், எந்தக் குழந்தையும் பாரதி என்று சொல்லிவிடும். அவர் வாழ்க்கையைக் கிராஃபிக் நாவலாக்கும் வேலையில் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்த எனக்கு இந்த முகம்தான் பெரிய இடைஞ்சல். அதில் சோர்வுக்கும் பசிக்கும் இடமில்லை. அவருடைய அசல் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காரைக்குடியில் தாடியோடு, கையில் தடியோடு நிற்கும் படத்தை ஓவியர் மேசைமேல் ஒட்டிவைத்தார். அதன் பிறகே கோடுகளில் உயிர் வந்தது.

கலகக்காரர் என்றதும் தீப்பிழம்பும் உடையும் சங்கிலியும்தான் எல்லோருக்கும் தோன்றுகின்றன. எனக்கு அவர் கலகம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரம் போட்டு, அதற்கு விளக்கமும் எழுதியவர் அவர். படத்தால் அரசியல் பேசலாம் என்று தமிழ்ப் பத்திரிகைக்குக் காட்டிய மனிதரின் கதையைப் படமாகச் சொல்வதில் அந்நியம் எதுவும் இல்லை.

1908தான் கடினமான அத்தியாயம். இதழின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் கைதாகிச் சிறை போனார். எழுதிய பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். நாயகனின் பெயர் கெடும், தாண்டிப் போய்விடலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு கட்டங்கள்: ஒன்றில் சிறைக்கதவு, மற்றதில் புதுச்சேரிக் கடல். வசனம் கிடையாது. அந்த ஆண்டே புதுச்சேரியிலிருந்து இதழ் மறுபடி வந்ததையும், தெருவில் ஒற்றர்கள் காவல் நின்றதையும் அடுத்த பக்கங்கள் சொல்லும். எடை போடுவது வாசகர் பாடு.

பேச்சுக் குமிழிக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். பாரதி எழுதியதோ, உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்ததோ மட்டுமே அதில் வரலாம். 1913இல் தலித் இளைஞர் கனகலிங்கத்துக்கு அவர் பூணூல் அணிவித்த காட்சியில் குமிழியே இல்லை. இரண்டு கைகளும் ஒரு நூலும் போதும்.

சமையலுக்கு வைத்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் செல்லம்மாவின் கண் வழியாக வரையச் சொன்னேன். குருவிகள் தூரத்தில், காலி முறம் முன்னால். கவிஞரின் ஆனந்தத்துக்கு வீட்டில் யார் விலை கொடுத்தார்கள் என்பது தெரியாமல் இந்த வாழ்க்கையைச் சொல்லவே கூடாது.

முடிவாக யானையைக் கேட்கிறார்கள். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது உண்மைதான். ஆனால் அவர் தேறினார், வேலைக்குத் திரும்பினார், ஜூலை 31இல் ஈரோடு கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். நோயுற்று இறந்தது செப்டம்பரில். அதனால் யானைக்கு ஒரே பக்கம்தான். கருங்கல்பாளையத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஓவியர் இப்போது அந்தக் கூட்டத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்.