வேலூர்ப் பட்டதாரிகளின் ரெஸ்யூமேயில் விடுபட்டுப்போகும் வரிகள்

வேதியியல் படித்துவிட்டு வேலை தேடும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரப் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களை, நான் பணியாற்றும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் சார்பில் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. சவாலான பணிச்சூழலை நாடுவதாக ஒரு குறிக்கோள், கடின உழைப்பாளி என்றொரு பண்பு, கடைசியில் ஓர் உறுதிமொழி. அந்தப் பிள்ளையோடு சிறிது நேரம் பேசினால்தான், படிக்கும் காலத்திலேயே தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுத்து, ஆய்வுப் பதிவேடு எழுதியவர் என்பது தெரியவருகிறது. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "தோல் ஷாப் வேலைதானே சார்" என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பதில் இது. ஏனென்றால், போட்டியில் அவர்களை முன்னே நிறுத்தக்கூடிய வரி அதுதான்.

'கழிவுநீர் ஆய்வில் அனுபவம் உண்டு' என்று எழுதினால் அது யார் கண்ணிலும் நிற்காது. 'பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் பி.எச்., டி.டி.எஸ்., சி.ஓ.டி. அளந்து பதிவேடு பராமரித்தேன், சி.ஓ.டி.க்குப் பொட்டாசியம் டைகுரோமேட் முறை' என்று எழுதினால், நேர்காணல் நடத்துபவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். (பி.எச். நீரின் அமில, காரத் தன்மையையும், டி.டி.எஸ். அதில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவையும், சி.ஓ.டி. அதிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவையும் காட்டும்.) சி.ஓ.டி. அளக்கும்போது மாதிரியில் மெர்குரிக் சல்பேட் ஏன் சேர்க்கிறோம் என்று அவர் கேட்பார். குளோரைடின் குறுக்கீட்டைத் தடுக்க என்பது பாடப்புத்தகம் படித்த எவரும் சொல்லும் விடை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது, ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் நீரில் இறங்குகிறது, டைகுரோமேட் அந்தக் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்வதால் சி.ஓ.டி. உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்வது, அந்த உப்பைக் கண்ணால் பார்த்தவருக்கே இயல்பாக வரும். இந்த வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீட்டைச் சுமக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததையும் தெரிந்து வைத்திருங்கள். மருந்து, சாயம், உணவு என எந்தத் துறைக்குப் போனாலும் கழிவுநீர் விதிகளைப் பற்றிய பேச்சு வரும்.

ரெஸ்யூமேயின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதியவருக்கு ஒரு பக்கம் போதும். பெரிய நிறுவனங்களில் முதலில் மென்பொருள்தான் வாசிக்கிறது என்பதால் அட்டவணை, இரட்டைப் பத்தி, படம் ஆகியவற்றைத் தவிருங்கள். மதம், திருமண நிலை, தந்தையின் தொழில் ஆகியவை தனியார் வேலைக்குத் தேவையில்லை. விளம்பரத்தில் கேட்டிருக்கும் கருவியை நீங்கள் உண்மையிலேயே இயக்கியிருந்தால், அந்த வரியை மேலே ஏற்றுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்து மட்டும் இருக்கும். பான் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். ஆதாரில் ஆங்கில எழுத்துக்கூட்டலே மாறியிருக்கும். வேலை உறுதியான பின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது, இந்த வேறுபாட்டால் பணியில் சேரும் நாள் தள்ளிப்போகக்கூடும். ரெஸ்யூமேயில் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், மற்ற ஆவணங்களை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வேலை செய்த இடத்தை விட்டு வருமுன், தேதிகளையும் செய்த பணிகளையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் கடிதத்தாளில் ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டால், உங்களை அறிந்த மேற்பார்வையாளர் அங்கே இல்லாமல் போகலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் அரசுத் தேர்வு எழுதுவோருக்குப் பெரிதும் உதவும். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் உண்டு. ஆனால், சான்றிதழை மட்டும் அடுக்காமல் அந்தப் பயிற்சியில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நேர்காணலுக்குக் காட்பாடியில் ரயிலேறும் முன், ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரியையும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து 'ஏன், எப்படி' என்று கேட்கச் சொல்லுங்கள். முதலில் தமிழில் விளக்கிப் பழகி, பிறகு அதையே ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த வரிக்குத் தமிழிலும் விளக்கம் வரவில்லையோ, அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.