துரை வீட்டு விறகு

ஜனவரி 10, 2025, வெள்ளி இரவு

போடியிலிருந்து காலையில் கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, கேப் ரோடு வழியாக மூணாறு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு டிசம்பரிலேயே புக் பண்ணிய இடம். பொங்கல் லீவுக்கு வரும்போது அம்மாவை ஒரு துரை பங்களாவில் ரெண்டு ராத்திரி தங்கவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வாடகையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுத் திண்ணையை விட்டே எழுந்திருக்க மாட்டாள்.

அம்மா இந்த மலையில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளியவள். 58 வயதில் கணக்கு முடித்து, எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு போடிக்கு இறங்கினாள். அவளைப் பெற்ற தாத்தா ஒரு பங்களாவில் பட்லர். அந்த பங்களாவில் இன்றைக்கும் மேனேஜர் குடியிருக்கிறார், வெளியாள் போக முடியாது. இது வேறு பங்களா. ஆனால் அதே கட்டு: தகரக்கூரை, நீள வராந்தா, தனியாகப் பின்னால் தள்ளி சமையற்கட்டு.

சின்ன வயசில் தாத்தாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோனபோதுகூட வேலியைத் தாண்டி அம்மாவை விட்டதில்லையாம். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஹாலில் நின்றுகொண்டு, "சாப்பாட்டு மேசைக்கு அடியில பெல் இருக்கும் பாரு, துரைசாணி உக்கார்ற பக்கம்" என்றாள். குனிந்து கம்பளத்தைத் தூக்கினேன். எட்டணா அகலத்துக்கு ஒரு பித்தளைக் குமிழ், காலால் அழுத்தி அழுத்தி நடுவில் குழிந்திருந்தது. அமுக்கிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. ஒயரை எப்போதோ வெட்டிவிட்டார்கள்.

ராத்திரி குளிருக்குக் கணப்பு மூட்டச் சொன்னோம். வந்தது ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன், வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தானாம். மூட்டினான். அஞ்சு நிமிஷத்தில் அறை முழுக்கப் புகை. நான் ஜன்னலைத் திறக்க ஓடினேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தாள். கரகரவென்று இரும்பு நகரும் சத்தம். புகை நின்ற இடத்திலேயே திரும்பி மேலே போனது.

"மேல ஒரு தகடு இருக்கும், அதத் தொறக்காம பத்தவச்சா பெரியதுரை கத்துவாருன்னு எங்கய்யா சொல்லுவாரு."

கை முழங்கை வரை கரி. பையன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 11, சனி

விடியக்காலம் புல்வெளி உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. நான் போட்டோ எடுத்தேன். "ஓரத்துச் செடியெல்லாம் கருகப்போகுது" என்றாள் அம்மா.

குளியல் தொட்டி விஷயத்தில் தாத்தா மாட்டிக்கொண்டார். ஒரு கன்னுக்குட்டியையே முக்கி எடுக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தாராம். "ஆட்டுக்குட்டிகூடக் கால் நீட்ட முடியாது. நல்லா அளந்து விட்டிருக்காரு மனுஷன்." அப்புறம் சுடுதண்ணி வீணாகிறதே என்று அந்தத் தொட்டியிலேயே நேற்றுக் கட்டிய சேலையை அலசி, வராந்தா கம்பியில் காயப்போட்டாள். பெங்களூர் தம்பதி ஒன்று அதைப் பின்னணியாக வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டது.

ஹாலில் பழைய படங்கள். 1877-ல் பூஞ்சாறு ராஜாவிடம் இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்த மன்றோ துரையில் ஆரம்பித்து வரிசையாக மாட்டியிருந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயில்தான் எனக்குப் பிடித்தது. 1908-லிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டி ரயிலில் போகும், அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டக்குடிக்கு இறங்கும், பிறகு போடி. 1924 ஜூலை வெள்ளம், மலையாள ஆண்டுக் கணக்கில் (1099) தொண்ணூற்றொன்பது வெள்ளம், தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அம்மா, "பொட்டிக்குக் கம்பி போட்டுருக்காங்க. எங்க தாத்தா போடியிலருந்து நடந்துதான ஏறுனாரு" என்றாள்.

மதியம் சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குப் போனோம். மேலே மேட்டில் எலினர் நைட் என்ற இளம் துரைசாணியின் கல்லறை. 1894 டிசம்பரில் காலராவில் போய்ச் சேர்ந்தவர். கல்லறைதான் முதலில், பதினைந்து வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் கோயில் வந்தது. அம்மாவுக்கு அதைவிட உள்ளே இருந்த பித்தளைப் பட்டயங்கள் மேல்தான் கண். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. விரலால் தடவி, மோந்து பார்த்தாள். "பாலீஷ் போடுறாங்க. எங்கய்யா புளிதான். சனிக்கிழமையானா அவர் கையில புளி வாடைதான் அடிக்கும்." இன்றைக்கும் சனிக்கிழமை. அதை நான் சொல்லவில்லை.

திரும்பும்போது டவுனில் ஒரு இடத்தைக் காட்டினாள். 2015 செப்டம்பரில் போனஸுக்காகப் பொம்பளைகள் மட்டும் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்த போராட்டம். "இந்தக் கடை வாசல்லதான் நான். வெயிலுக்கு ஒதுங்கி."

ஜனவரி 12, ஞாயிறு

பில்லில் விறகுக்குத் தனியாக 600 ரூபாய். அறை வாடகையை நான் விரலால் மறைத்துக்கொண்டேன்; விறகை மறைக்க மறந்துவிட்டேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதே தவிர நம்பர் நன்றாகத் தெரியும். கொழுந்து எடை போடும்போது கண்ணாலேயே கிலோ சொல்கிறவள்.

"எரிச்சது பாதிதான."

மானேஜர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கணப்புப் பக்கத்துக் கூடையில் மிச்சமிருந்த கிராண்டீஸ் (தைலமர வகை) கட்டை ஏழும் கார் டிக்கியில் ஏறின. என் மானமும் கூடவே. ஜார்க்கண்ட் பையன்தான் சணல் கயிறு கட்டித் தூக்கி வந்தான். அம்மா அவனிடம் தமிழில் தகடு எப்படித் துடைக்க வேண்டும் என்று விளக்கினாள். அவன் இந்தியில் ஏதோ கேட்டான். ரெண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். சரக்குப் பாட்டில் தேடியவருக்கு விறகுக்கட்டு. "என்னம்மா இது?" என்றார். அம்மா பில்லை நீட்டினாள்.

ஜனவரி 14, செவ்வாய்

கேஸ் அடுப்பு வேண்டாம் என்று வாசலில் மூணு செங்கல் வைத்தாள். கிராண்டீஸ் கட்டை பிடிக்க நேரமாகும், பிடித்துவிட்டால் நின்று எரியும். தெருவே தைல வாசனை. பக்கத்து வீட்டு அத்தை வந்து, "ஏது மதினி இந்த விறகு?" என்று கேட்டார்.

"அறுநூறு ரூவா" என்றாள் அம்மா.

எட்டே காலுக்குப் பொங்கியது. அஞ்சு கட்டை தீர்ந்தது. ரெண்டை மழைக்காலத்துக்கு என்று எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.