“ஒரு ஆர்டர் வாங்கித் தாங்க”: மனநோயும் மருத்துவமனைச் சேர்க்கையும்

மனநோய் கண்ட ஒருவரை அவர் விருப்பமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்ற எண்ணம் திருநெல்வேலிப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. பாளையங்கோட்டையில் வழக்கறிஞர் தொழில் செய்யும் என்னிடம் அதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது பழைய நடைமுறை. 1912ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் மாஜிஸ்திரேட்டை மருத்துவமனை வாசலில் நிறுத்தியிருந்தன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறவினர் மனு எழுதி, இரண்டு மருத்துவச் சான்றிதழ்கள் இணைத்து, 90 நாள் வரை சேர்க்க ஒரு வழி இருந்தது என்றாலும், பெரிய வழி என்பது மாஜிஸ்திரேட்டின் உத்தரவுதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைப் பெரும்பாலும் அந்த வாசலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது முதலில் முடிவெடுப்பவர்கள் குடும்பத்தாரும் மருத்துவர்களும். அந்த முடிவு சரிதானா என்று பார்க்க இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மனநல மறுஆய்வு வாரியம் அதைப் பிறகு பார்க்கிறது. இந்த மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அடைத்து வைக்கும் அதிகாரத்தின் ஒரு முனை இதனால் வீட்டாரின் கைக்கு வந்திருக்கிறது என்பதையும், சட்டத்தில் உள்ள நாள் கணக்குகள் எல்லாம் அந்தக் கைக்குப் போட்ட கடிவாளம் என்பதையும் பலர் உணர்வதில்லை.

சட்டத்தின் 89ஆம் பிரிவுதான் இதில் முக்கியமானது. நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது அவருக்காகப் பேச அவரே எழுதி வைத்தவர் அல்லது உறவினர் போன்ற ஒருவர், விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேர், அதாவது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ தனித்தனியாக நோயாளியைப் பரிசோதித்திருக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாக அண்மையில் மிரட்டியோ முயன்றோ இருக்க வேண்டும். அல்லது பிறரிடம் வன்முறையாக நடந்தோ பிறர் அஞ்சும்படி நடந்தோ இருக்க வேண்டும். அல்லது தனக்குத் தீங்கு நேரும் அளவுக்குத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறது என்றும், கட்டுப்பாடு மிகக் குறைந்த வழி இதுதான் என்றும், தானாக முடிவெடுத்துச் சேர்ந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை என்றும் இருவரும் தனித்தனியே கருத வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 30 நாட்கள்தான். சேர்த்த செய்தியை ஏழு நாட்களுக்குள், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாட்களுக்குள், வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நோயாளியே வாரியத்துக்கு எழுதி மறுஆய்வு கேட்கலாம். கேட்டால் ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலை என்ற அந்த மூன்றாவது நிபந்தனையைப் பற்றி ஒரு வார்த்தை. அடிதடி இருந்தால்தான் சேர்க்க முடியும் என்று நம் பக்கம் நினைக்கிறார்கள். முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் மஞ்சப்பை நிறையப் பழைய மருந்துச் சீட்டுகளோடு வந்திருந்தார். மகன் யாரையும் தொடவில்லை, திட்டக்கூட இல்லை. சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சாப்பிடாமல், இரண்டு நாளாகத் தண்ணீரும் குடிக்காமல், உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு கிடந்தான். “அவன் ஒருத்தரையும் ஒண்ணும் செய்யல சார், அதனாலதான் யாரும் சேக்க மாட்டேங்காங்க. ஒரு ஆர்டர் வாங்கித் தந்திருங்க, போலீசு வந்து கூட்டிட்டுப் போயிரட்டும்” என்றார். “ஆர்டரும் வேண்டாம், போலீசும் வேண்டாம்மா. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் போய்ப் பாருங்க” என்று சொன்னபோது, நான் வழக்கைத் தட்டிக் கழிக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். முகத்தில் தெரிந்தது.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் 94ஆம் பிரிவு. 89ஆம் பிரிவு, நோயாளி ஏற்கனவே மருத்துவமனைக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. வர மறுப்பவரை ஊரிலிருந்து எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு அதில் விடை இல்லை. 94ஆம் பிரிவோ, உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்குத் திரும்பப் பெற முடியாத கேடு, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு போன்றவற்றைத் தடுக்க உடனடியாகத் தேவைப்பட்டால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும், மருத்துவமனையிலோ வெளியிலோ, நியமனப் பிரதிநிதி அங்கிருந்தால் அவர் சம்மதத்தோடு அவசர சிகிச்சை தரலாம் என்கிறது. பரிசோதனைக்காக அருகிலுள்ள மனநல நிலையத்துக்கு நோயாளியை ஏற்றி அனுப்புவதும் அந்த அவசர சிகிச்சையில் அடங்கும் என்று விளக்கமும் தந்திருக்கிறது. 72 மணி நேரம் வரைதான் இது செல்லும். மின்னதிர்ச்சி சிகிச்சையை இதன் பேரில் செய்யக் கூடாது. அந்தப் பையனை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்து, ஊசி போட்டு, 108 வண்டியில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அனுப்பினார். மனநல மருத்துவரே வர வேண்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காவல்துறையின் பங்கு வேறு. பராமரிப்பின்றித் தெருவில் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியது அவர்கள் கடமை; எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. மாஜிஸ்திரேட் முற்றிலும் போய்விடவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒருவரைக் கொடுமைப்படுத்துவதாகவோ கவனிக்காமல் விட்டிருப்பதாகவோ தகவல் வந்தால், அவரைத் தம் முன் கொண்டுவரச் செய்து, பரிசோதனைக்காகப் பத்து நாட்களுக்கு மிகாமல் மருத்துவமனையில் வைக்க அவர் உத்தரவிடலாம். இந்த அதிகாரம் வீட்டாருக்குத் துணையாக வந்ததல்ல என்பது படித்தாலே விளங்கும்.

இங்கே சங்கிலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சங்கரன்கோவிலில் அம்மன் சந்நிதி முன் நோயாளியை உட்கார வைப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை; புற்றுமண் பூசிவிட்டு மாத்திரையும் கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும், அதில் தவறும் இல்லை. கோயில் வாசலானாலும் வீட்டுத் தொழுவமானாலும் சங்கிலி போட்டால்தான் குற்றம்.

போதை மறுவாழ்வு மையங்களுக்கும் இதே சட்டம்தான். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்றே எடுத்துக்கொள்கிறது. வீட்டார் போன் செய்ததும் இரவில் வேன் வந்து, தூங்குகிறவரை நாலு பேர் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், மூன்று மாதம் ஆன பிறகுதான் விடுவோம் என்று சொல்லும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நிலையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இருவர் பரிசோதித்திருக்க வேண்டும், 30 நாள் கணக்கும் அங்கே உண்டு. இதைச் சொன்னால், குடிகாரனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும் என்று மனைவிமார் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, வேன் நியாயமானதல்ல.

30 நாளுக்கு மேல் தேவையானால் 90ஆம் பிரிவு. அதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். வாரியமும் அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள், அடுத்து 120, அதற்கடுத்து 180 என்று நீளும். வீட்டுக்கு அனுப்பிய ஏழு நாட்களுக்குள் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தாலும் இதே கடுமையான வழியில்தான் போக வேண்டும். இந்தச் சிறு விதியைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன், ஏனென்றால் வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் செய்து திங்கட்கிழமை புதுக் கணக்குத் தொடங்குவதை அது அடைத்துவிடுகிறது.

“அண்ணனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு, எழுதித் தாங்க” என்று சொல்லி வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நோயைப் பற்றிப் பிறகுதான் கேட்பேன். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாகப்பிரிவினையிலும் மணவிலக்கு வழக்கிலும் ஆளையே செல்லாக்காசாக்கப் பார்ப்பது பழைய தந்திரம். மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், தகுந்த நீதிமன்றம்தான் அதை அறிவிக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் மனநோய்க்கான சான்று வந்து எதிர்த் தரப்பு அதை மறுத்தால், நீதிமன்றம் அதை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

நலமாக இருக்கும் நாட்களில் நோயாளி செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. வெறும் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு, எனக்கு நியமனப் பிரதிநிதி இன்னார் என்று எழுதி வைக்கலாம். அத்தையை நம்புகிறவர் அத்தையின் பேரை எழுதலாம். அண்ணன் தானாக வந்து நிற்க முடியாது. எழுதி வைக்காவிட்டால்தான் உறவினர், பராமரிப்பவர் என்ற வரிசை தொடங்குகிறது.

எழுதி வைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: சிகிச்சை முடிந்த ஒருவரை வீட்டுக்கு யார் கூட்டிப்போவது? குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரும் மருத்துவமனையிலேயே கிடக்கக் கூடாது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. கைவிடப்பட்டவர் தம் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற அரசு சட்ட உதவி உட்பட ஆதரவு தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆர்டர் கேட்டு வருகிறவர்களிடம் இந்தப் பிரிவையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன். உள்ளே அனுப்ப மனு எழுதச் சொல்லிப் பலர் வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இந்தப் பிரிவின் கீழ் மனுப் போடச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.