கிழங்குக்கு நட்டேன், இலையத் தின்னு தீர்த்தேன்

போன வருஷம் ஆனி மாசம் வீட்டுக்குப் பின்னால ரெண்டு வரிசை சீனிக்கிழங்குக் கொடி, அதான் சர்க்கரவள்ளி, நட்டேன். எங்க வீடு கன்னியாகுமரி ஜில்லா தக்கலை பக்கம், வேலியோரம் மரச்சீனியும் (மரவள்ளி) சேம்பும் எப்பவும் நிக்கும். மழை விடாம பெஞ்சதுல கொடி ஒரே மாசத்துல முற்றம் வரைக்கும் படர்ந்துட்டு, நடக்க வழியில்ல, வெட்டி எறியவும் மனசில்ல, சரின்னு நுனியா பார்த்து கிள்ளி துவரன் (தேங்கா போட்ட பொரியல்) வச்சேன். மாமி பார்த்துட்டு, "மக்களே, மொயலுக்கு வெட்டிப் போடுத கொடியாக்கும் இது"ன்னாங்க.

ஆனா இது வள்ளைக்கீரையோட ஒரே குடும்பம்தான், பிலிப்பைன்ஸ்ல இத கீரையாவே கட்டுக்கட்டி விக்காங்க. கிள்ளும்போது வெள்ளையா பால் வரும், விரல்ல ஒட்டி காஞ்சா கறுப்பா பிடிச்சுக்கும், சோப்பு போட்டாலும் லேசுல போகாது, அத மட்டும் பொறுத்துக்கணும். தேங்கா, சீரகம், சின்ன உள்ளி, ரெண்டு காந்தாரி மிளகா சேர்த்து சதச்சு, இலை சுருண்டதும் போட்டு ஒரு பெரட்டு. அவ்வளவுதான். மாமி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னாங்க, ஆனா நல்லாருக்குன்னு மட்டும் வாயத் தொறக்கல.

அந்த தைரியத்துல அடுத்த வாரம் சேம்பிலைல கை வச்சேன். இன்னும் விரியாத சுருட்டு இலையத்தான் எடுக்கணும், புளி தாராளமா விட்டு குழைய வேகவைக்கணும்னு மாமி சொல்லத்தான் செஞ்சாங்க, நான் புளி அதிகமானா ருசி போயிரும்னு நெல்லிக்கா அளவு கரைச்சு விட்டேன், அதும் விரிஞ்ச இலை வேற. சேம்புல கால்சியம் ஆக்சலேட்டு ஊசி ஊசியா இருக்கும், அதுதான் தொண்டையில குத்துறது. ராத்திரி பத்து மணி வரைக்கும் மோர் குடிச்சுட்டு கெடந்தேன், சத்தம் வேற மாறிட்டு.

மரச்சீனி இலைய மட்டும் நான் தொடல. 1880-கள்ல விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர்ல பரவலா நட வச்ச கிழங்கு இது, நம்ம ஜில்லாவும் அப்போ அந்த ராஜ்யம்தானே, ஆனா இத்தனை வருஷத்துல எங்க வீட்டுப் பக்கம் யாரும் இலைய சமைச்சு நான் பார்த்ததில்ல. பச்சை இலைல சயனைடு உண்டாகும், ஆடு நெறைய தின்னா செத்தே போகும், வெயில்ல உணத்தித்தான் போடுவாங்க. காங்கோவுல இத உரல்ல இடிச்சு ரொம்ப நேரம் கொதிக்க வச்சு தின்னுறாங்களாம், அவங்களுக்கு அந்தப் பக்குவம் பழக்கம். எனக்கு அவ்வளவு பொறுமையும் இல்ல, சேம்புல பட்டதே போதும்.

பீட்ரூட் இலை, முள்ளங்கி இலைல இந்த வம்பெல்லாம் இல்ல, ஆனா சந்தையில நாம கேக்கறதுக்குள்ள வெட்டி மாட்டுக்குன்னு ஒதுக்கிருவாங்க. "இலையோட தாங்க"ன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க.

ஐப்பசில சீனிக்கிழங்கு தோண்டினோம். வாரத்துக்கு மூணு தடவை நுனி கிள்ளினா கிழங்குக்கு எங்கேர்ந்து சத்து போகும், எல்லாம் சுண்டுவிரல் தண்டிதான். வீட்டுக்காரர் ஒண்ண கையில எடுத்து, "இது கெழங்கா, வேரா?"ன்னாரு. இந்த வருஷம் ஒரு வரிசைய மாமி தனியா கயிறு கட்டி வச்சிருக்காங்க, அதுல நான் கை வைக்கப்பிடாது.