10 நானோமீட்டர் தங்கம் உலைக்குள் என்ன ஆகிறது?

மெல்லிய உலோகப் படலங்களைப் பற்றிய கட்டுரைகளில் "400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் அனீலிங் (உருக்காமல் சூடேற்றி ஆறவிடுதல்) செய்யப்பட்டது" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிறு எரிச்சல் வருவதுண்டு. படலத்தின் தடிமன் எவ்வளவு, அது எதன் மேல் படிந்திருந்தது, உலைக்குள் எந்த வாயு இருந்தது என்ற மூன்றும் தெரியாவிட்டால், அந்த 400-ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதே படலத்தை இன்னொருவர் உருவாக்கிவிட முடியாது.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டின் மேல் சுமார் 10 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கத்தைப் படியவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அது நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். மல்ட்டிமீட்டரின் முனைகளை வைத்தால் மின்சாரத்தைக் கடத்தும். அதே தகட்டை உலையில் சில நூறு டிகிரிக்குச் சூடேற்றி, ஆறவிட்டு எடுத்தால் பச்சை மறைந்து இளஞ்சிவப்போ ஊதாவோ தெரியும். மல்ட்டிமீட்டர் எந்த அளவையும் காட்டாது. தங்கம் எங்கும் போய்விடவில்லை. தொடர்ச்சியாகக் கிடந்த படலம் அறுந்து, தனித்தனித் தீவுகளாகத் திரண்டிருக்கிறது.

தங்கம் உருகுவது 1064 டிகிரியில். ஆகவே இங்கே எதுவும் உருகவில்லை என்பதுதான் முக்கியம். கண்ணாடியோடு தங்கத்துக்கு ஒட்டுதல் குறைவு. பரந்து கிடப்பதைவிடத் திரண்டு நிற்பதில்தான் அதன் மொத்தப் பரப்பு ஆற்றல் குறைகிறது. குளிர்ந்த நிலையில் அணுக்களால் நகர இயலாததால் மட்டுமே படலம் படலமாக நீடிக்கிறது. சூடேறியதும் பரப்பிலுள்ள அணுக்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன; படிகமணிகள், அதாவது உலோகம் உருவாகியிருக்கும் நுண்படிகங்கள், சந்திக்கும் எல்லைகளில் பள்ளம் விழுகிறது; பள்ளம் ஆழமாகிக் கண்ணாடியைத் தொட்டதும் துளையாகிறது; துளைகள் விரிந்து ஒன்றையொன்று தொடும்போது, இடையில் எஞ்சிய தங்கம் துண்டுபட்டு உருண்டுகொள்கிறது. தடிமன் கூடினால் இதற்குக் கூடுதல் வெப்பம் வேண்டும். கிடைக்கும் தீவுகளும் பெரியவையாக, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். சற்றுத் தடித்த படலங்களை மிதமாகச் சூடேற்றும்போது, படிகமணிகள் வளர்வதால் மின்தடை முதலில் குறையவும் செய்யும். வெப்பம் படலத்தைச் சீராக்குகிறது என்று அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு முடிவு எழுதுபவர்கள், இன்னும் சில பத்து டிகிரி போய்ப் பார்க்கலாம்.

இந்த நிறமாற்றத்தை முதலில் ஆராய்ந்தவர்களில் மைக்கேல் ஃபாரடே ஒருவர். ஒளிக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1857-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் நிகழ்த்திய உரையில், கண்ணாடியில் ஒட்டிய தங்கத் தாளைச் சூடேற்றினால் அதன் பச்சை மறைந்து ஒளி தாராளமாக ஊடுருவுகிறது என்றும், மெருகேற்றிய அகேட் கல்லால் அதை அழுத்தினால் பச்சை திரும்பி வருகிறது என்றும் அவர் விவரித்தார். திரண்ட உலோகம் அழுத்தத்தால் மறுபடி பரவியது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கல்லால் அழுத்திப் பார்க்கத் தோன்றியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சிவப்புக்குக் காரணம் தீவுகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்ததிர்வதுதான். காற்றிலோ நீரிலோ உள்ள சிறிய தங்கக் கோளங்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை வலுவாக உட்கவர்கின்றன. வெள்ளிக்கு இது 400-ஐ ஒட்டி வரும். தட்டையான தீவுகளில் உட்கவர் முகடு அகன்று, நீண்ட அலைநீளத்தில் கிடக்கும். சூட்டில் அவை உருண்டை வடிவை நெருங்க நெருங்க முகடு ஒடுங்கிக் குறைந்த அலைநீளத்துக்கு நகரும். ஆகவே, நிறமாலையை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

வாயுவின் பங்கை வெள்ளி நன்றாகக் காட்டும். காற்றில் சூடேற்றிய மெல்லிய வெள்ளித் தாள் ஒளி ஊடுருவும்படி ஆகிறது என்றும், ஹைட்ரஜனில் அப்படி ஆவதில்லை என்றும் தாமஸ் டர்னர் 1908-இலேயே எழுதிவிட்டார். வெள்ளி அணுக்களின் நகர்வை ஆக்சிஜன் அவ்வளவு தூரம் மாற்றுகிறது. ஒட்டுதலுக்காகத் தங்கத்தின் அடியில் குரோமியம் பூசுபவர்களுக்கு வேறொரு தொல்லை: சூட்டில் குரோமியம் தங்கத்தின் படிகமணி எல்லைகள் வழியே மேலேறி, பரப்பில் ஆக்சைடாகிவிடும்.

இதற்கு நேர்மாறான விளைவையும் வெப்பமே தருகிறது. வெள்ளி நானோ துகள் மையால் அச்சிட்ட கோடு முதலில் அநேகமாக மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு துகளையும் கரிமப் பூச்சு பிரித்து வைத்திருக்கும். 150 முதல் 200 டிகிரிக்குச் சூடேற்றினால் பல மைகளில் அந்தப் பூச்சு நீங்கி, துகள்கள் தொடும் இடங்களில் கழுத்துபோன்ற பாலம் உண்டாகி அவை இணைந்து, கோடு கடத்தியாகிவிடும். அங்கே இணைப்பை அறுத்த அதே அணு நகர்வு இங்கே இணைப்பை உண்டாக்குகிறது.

கண்ணாடி மேல் உருவான தங்கத் தீவுகளை அப்படியே விட்டால் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்துவிடலாம். சாதாரணக் கண்ணாடி இளகத் தொடங்கும் 550 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், தீவுகளின் அடிப்பகுதி கண்ணாடிக்குள் சற்றே புதைந்து, அவை உறுதியாக நிற்கும். திரவத்தில் திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டிய உணரிகளுக்கு இப்படிப் புதைந்த தீவுகளே ஏற்றவை.