கால்ஹூனின் கடைசி உரை: தமிழாக்கத்தில் மூன்றாவது வாரம்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எதையாவது மொழிபெயர்ப்பது என் பழக்கம். இம்முறை எடுத்தது, 1850 மார்ச் 4 அன்று அமெரிக்க செனட்டில் வாசிக்கப்பட்ட ஜான் கால்ஹூனின் உரை. அவர் அடிமை முறையை ஆதரித்த தென் கரோலினா செனட்டர். எழுதியவர் நோய் முற்றி, பேசத் தெம்பில்லாமல் அவையில் உட்கார்ந்திருந்தார். வாசித்தவர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன். அதே மாதம் 31ஆம் தேதி கால்ஹூன் இறந்துபோனார். அடிமை முறை இருந்த தெற்கும் வடக்கும் மோதிய உள்நாட்டுப் போர் வெடித்தது 1861இல்.

முதல் வாக்கியமே நான்கு இரவுகளை விழுங்கிவிட்டது. 'அடிமை முறை குறித்த கிளர்ச்சி' என்று எழுதினேன். மறுநாள் படித்தால், அடிமைகள் கிளர்ந்தெழுந்ததுபோல இருந்தது! அவர் குறை சொல்வது, வடக்கே இந்தப் பேச்சை எடுப்பவர்களை. இப்போது இப்படி நிற்கிறது: 'அடிமை முறைப் பேச்சைக் கிளப்பிக்கொண்டே இருப்பதைக் காலத்தோடு தடுக்காவிட்டால் அது ஒன்றியத்தின் பிளவில்தான் போய் முடியும் என்று தொடக்கத்திலிருந்தே நம்பிவந்தேன்.'

அடுத்த தொல்லை 'மாநிலம்'. நம் காதில் அது மத்திய அரசுக்குக் கீழே இருக்கும் ஒன்று. கால்ஹூனுக்கோ, மாநிலங்கள் கூடிச் செய்த ஒப்பந்தம்தான் ஒன்றியம். பிடிக்காத மத்தியச் சட்டத்தைச் செல்லாது என்று ஒரு மாநிலம் அறிவிக்கலாம் என்பது அவர் வாதம். துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோதே, 1828இல், பெயர் போடாமல் இதை எழுதிக் கொடுத்தவர் அவர். 1832இல் தென் கரோலினா சுங்க வரிச் சட்டத்தின்மீது அதைப் பிரயோகித்தும் பார்த்தது. 'நாடு' என்று போட்டுப் பார்த்தேன். இரண்டே பத்தியில் குழப்பம். மாநிலத்துக்கே திரும்பிவிட்டேன்.

ஒன்றியத்தைக் கட்டியிருக்கும் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, மெதடிஸ்ட் திருச்சபை முதலில் பிளந்தது என்று வரும் பகுதி மட்டும் ஒரே இரவில் தமிழாகிவிட்டது. மனிதருக்கு எழுதத் தெரியும், அதை மறுக்க முடியாது.

இந்த வாரம் ஒரு வேலை செய்தேன். 'தெற்கு' வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, இதில் அடிமைகள் உண்டா என்று ஓரத்தில் குறித்தேன். மக்கள்தொகை ஒப்பீட்டில் மட்டும் உண்டு. தெற்கின் அச்சம், தெற்கின் மானம் வரும் இடங்களில் இல்லை. அவருடைய தென் கரோலினாவின் மக்களில் அப்போது பாதிக்கு மேல் அடிமைகள்.

நேற்று இறுதிக் கோரிக்கைகளுக்கு வந்தேன். வடக்கு இந்தப் பேச்சை நிறுத்த வேண்டுமாம். தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தரும் அரசமைப்பு விதியை ஒழுங்காக நிறைவேற்ற வேண்டுமாம். அப்போது வட மாநிலங்களின் உரிமை எங்கே போனது என்று ஓரத்தில் எழுதி, அடிக்குறிப்பாக வேண்டாம் என்று அழித்துவிட்டேன். 'தப்பிய அடிமை' என்று முதலில் போட்டிருந்ததையும் 'ஓடிப்போன அடிமை' என்று திருத்தினேன். உடைமைக்காரர் வாயில் அந்தச் சொல்தான் வரும்.