காரின் முன் ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாம், ஸ்பிரிங் வேலையை மட்டும் கடையில் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் சில மாதங்களிலேயே ஒரு பழைய கார் வாங்கிவிடுகிறார்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வீடு, உம்லாங்காவில் ஆபீஸ் என்றால் வேறு வழியில்லை. பெரும்பாலும் டொயோட்டா கொரோலா குவெஸ்ட் அல்லது ஃபோக்ஸ்வேகன் போலோ வீவோதான். குவெஸ்ட் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் தயாரானது. இரண்டுக்குமே உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். சாலைக் குழிகளும் குடியிருப்புத் தெருக்களின் வேகத்தடைகளும் முதலில் காலி செய்வது முன்பக்க ஷாக்கை, அதாவது வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை. ஊரில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு மாலையில் போய் எடுத்துக்கொள்வோம், கூலி பெரிதாகத் தெரியாது. இங்கே கூலியை மணிக்கணக்கில் போடுகிறார்கள். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை இருந்தால், ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை இது. ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கடையில் கொடுத்துச் செய்யுங்கள் என்பேன். ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில், போனது ஷாக்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குழியில் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலானோர் ஷாக்கைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் அது ஸ்டெபிலைசர் லிங்க் ராடாகவோ (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு தண்டு), சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷாகவோ பால் ஜாயிண்டாகவோ இருக்கலாம். லிங்க் ராட் என்றால் செலவு மிகக் குறைவு. ஷாக் போனதற்கு அடையாளம் வேறு. உடம்பில் எண்ணெய் ஈரமாக வழிந்து தூசி அப்பியிருக்கும். பிரேக் போட்டால் மூக்கு குப்புற இறங்கும். டயர் மேல் கையை ஓட்டினால் மேடுபள்ளமாகத் தேய்ந்திருப்பது தெரியும். மெல்லிய படலமாக எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் அது பழுதல்ல. பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவது முழுதும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஒழுகும் ஷாக்கோடு வண்டியை விற்கவும் முடியாது: பெயர் மாற்றத்துக்குத் தேவையான ரோட்வொர்த்தி சோதனையில் (வண்டி சாலைக்குத் தகுதியானதா என்ற சோதனை) அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

உதிரிபாகக் கடைக்குப் போகும்முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் அதிலேயே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு தலைமுறை வண்டி ஓடும் ஊரில் தவறான பாகத்தோடு திரும்பாமல் இருக்க இது உதவும். ஷாக்கை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். பல வண்டிகளில் இடதும் வலதும் வேறு வேறு. கூடவே ஷாக்கை வண்டியின் உடம்போடு சேர்க்கும் மேல் மவுண்டிங், அதன் பேரிங், ஷாக் முழுதும் அமுங்கும்போது இடி தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி தடுக்கும் டஸ்ட் கவர், புதிய லாக் நட்டுகள். பழைய மவுண்டிங்கை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பவர்கள், அது போகும்போது முழு வேலையையும் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

இடம் அடுத்த கேள்வி. டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸில் குடியிருந்தால், பொது இடத்தில் வண்டி ரிப்பேர் கூடாது என்று விதி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். புல்தரையில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் புதையும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கோடை மதியங்களில் இடிமழை வருவது வழக்கம், அதனால் விடியற்காலையிலேயே தொடங்குங்கள். டர்பன் பக்கம் பிரச்சினை உப்புக் காற்றும் துருவும்: முந்தின இரவே எல்லா நட்டுகளிலும் கம்பி பிரஷ் போட்டு மரையைத் தேய்த்து, துருவை இளக்கும் கியூ20 ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள்.

காலையில் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, குறிப்பிட்ட ஜாக்கிப் புள்ளிகளில் இரண்டு ஸ்டாண்ட் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் கை நீட்டக் கூடாது. இரண்டு பக்கமும் தூக்கியிருந்தால் ஸ்டெபிலைசர் பாரில் முறுக்கு இருக்காது, லிங்க் ராட் சுலபமாக வரும். அதன் நட்டைத் திருப்பும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுற்றினால் தண்டின் நுனியில் ஆலன் சாவியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, நட்டை ரிங் ஸ்பானரால் கழற்றுங்கள்.

பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஷாக்கிலிருந்து விடுவியுங்கள். ஷாக் கீழே நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) சேரும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் தலையைச் சுற்றி, கழற்றும்முன் வெள்ளை மார்க்கரால் கோடு போடுங்கள். அப்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பும். நட்டைத்தான் திருப்ப வேண்டும். பல வண்டிகளில் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், போல்ட்டைச் சுற்றினால் ஓட்டை தேய்ந்துவிடும். போல்ட்டைத் தட்டி எடுக்கும்போது நட்டை நுனிவரை ஏற்றிவைத்து அதன்மேல் தட்டினால் மரை நசுங்காது. போல்ட் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும், கயிறு கட்டி நிறுத்துங்கள். விட்டுவிட்டால் எடை முழுதும் பிரேக் ஹோஸில் தொங்கும். எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் விலகி, நீங்கள் தொடவே நினைக்காத வேலை ஒன்று கூடிவிடும்.

குவெஸ்டில் மேல் நட்டுகள் வைப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும். வைப்பர் கைகளையும் கண்ணாடிக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தால்தான் ஸ்பானர் போகும். அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். மேலுள்ள மூன்று நட்டுகளைக் கடைசியில், ஒரு கையால் ஷாக்கைத் தாங்கிக்கொண்டே கழற்றுங்கள். நடுவிலிருக்கும் ஒற்றை நட்டைத் தொடவே கூடாது.

அந்த ஒற்றை நட்டுதான் ஷாக்கைச் சுற்றி அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. வண்டியின் ஒரு மூலையைச் சுமக்கும் ஸ்பிரிங் அது. வெளியே எடுத்த பிறகும் இரண்டு தட்டுகளுக்கு இடையே விசையோடுதான் நிற்கும். நட்டைக் கழற்றாதவரை தூக்கிக்கொண்டு போவதில் ஆபத்தில்லை. கழற்ற வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். கடையில் விற்கும் இரண்டு கொக்கிக் கம்பி வகையில், எண்ணெய் படிந்த சுருளில் கொக்கி நழுவலாம். ஒரு பக்கம் அதிகம் இறுகினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து தெறிக்கும். எதிரெதிராகப் பொருத்தி, முடிந்த அளவு அதிக சுருள்களைப் பிடித்து, மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்றாக இறுக்கத் தெரிந்தவர்கள் செய்யலாம். முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம். சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள ஃபிட்மென்ட் சென்டரில் (டயர், ஷாக் மாற்றும் கடை) கழற்றிய இரண்டு ஷாக்கையும் ஸ்பிரிங்கோடு அப்படியே, புதிய பாகங்களோடு கொடுங்கள், ஸ்பிரிங்கைப் புதிய ஷாக்குக்கு மாற்றித் தருவார்கள். உங்கள் வண்டி ஸ்டாண்டில் நிற்கும் என்பதால் கொண்டுபோக இன்னொரு வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஷாக்கின் மேல் இடது, வலது என்று சாக்பீஸில் எழுதுங்கள்.

கடையில் நின்று மூன்று விஷயம் பாருங்கள். பழைய ஸ்பிரிங்கின் அடிச்சுருள் உடைந்திருக்கிறதா. துருவில் அங்கேதான் முதலில் உடையும், கண்ணுக்கு எளிதில் படாது. படுக்க வைத்திருந்த புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுதும் அமுக்கி முழுதும் இழுத்து நான்கைந்து முறை காற்றை வெளியேற்றுகிறார்களா. பளபளக்கும் தண்டை பிளையரால் பிடிக்க விடாதீர்கள், ஒரு கீறல் போதும் சீலைக் கிழிக்க. கடைசியாக, ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா.

போலோ வீவோவில் கீழே இரண்டு போல்ட் கிடையாது. ஷாக் குழாய், நக்கிளின் இடத்தில் இருக்கும் ஹவுசிங்கின் உள்ளே செருகி, ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டை எடுத்துவிட்டு, பிளவில் விரிப்பான் கருவியைச் செருகித் திருப்பி, ஹவுசிங்கைக் கீழே தட்டி இறக்க வேண்டும். உளியை அடித்து விரிப்பது தவறு, ஹவுசிங் விரிசல் விடும். திரும்பப் போடும்போது புதிய போல்ட், புதிய நட்.

பொருத்துவது தலைகீழ் வரிசைதான். மேல் நட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு, கீழ் போல்ட்டுகளைப் பழைய திசையிலேயே நுழைத்து, மார்க்கர் கோட்டோடு சேர்த்து, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். முறுக்கு அளவு மாடலுக்கு மாடல் மாறும், அந்த வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பாருங்கள். வீல் நட் கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர்; போலோவில் நட்டுக்குப் பதில் வீல் போல்ட், அதற்கு 120. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, வயர் டயரில் உரசவில்லை என்று பாருங்கள்.

அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த வேலைநாளில், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்துவிடுங்கள். கோடு எவ்வளவு துல்லியமாகச் சேர்ந்தாலும் இதை விடக் கூடாது, புது டயரே சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரம் தேய்ந்துபோகும். முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டிங்’ என்று கம்பி சுண்டுவதுபோல் ஒலித்தால் மேல் பேரிங் தலைகீழாகப் போயிருக்கும், அல்லது ஸ்பிரிங் நுனி படியில் உட்காரவில்லை. மறுபடி கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். வேகத்தடையில் மட்டும் லொடலொடத்தால் முதலில் லிங்க் ராட் நட்டைப் பாருங்கள்.